"ம்" கொட்டும் வகுப்பறை



ஆசிரியர்களே, உங்களில் சிலர் இந்தக் கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக ஏறி வந்திருப்பீர்கள். சிலர் பழனி வழியாக வந்திருப்பீர்கள். எந்த வழியில் வந்தாலும் மலைப்பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவு வருவதற்கு முன்னால் ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். அடித்துவிட்டு அப்படியே திரும்பிவிட மாட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று ஒரு கணம் காது கொடுப்பார். கேட்ட பிறகுதான் வண்டியைத் திருப்புவார். மஞ்சு இறங்கி முன்னால் நாலு அடிகூடத் தெரியாத நாளில், அந்த ஒரு கணம்தான் வண்டியில் இருக்கும் அத்தனை பேரையும் காப்பாற்றுகிறது.

அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கதை சொல்லி அயல்மொழி கற்பிக்கும் ஆசிரியர், வகுப்பு கைமீறிப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள்.

ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஐயா, இலக்கணம் நடத்தினால் பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள். கதை என்று ஆரம்பித்தால் போதும், ஆட்டம் போட்டுவிடுகிறார்கள்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கதை வந்தால் சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் கடைசி பெஞ்சு விழித்துக்கொள்ளும். ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன். இலக்கண வகுப்பில் இருந்ததே, அது என்ன அமைதி? கேட்டுக்கொண்டிருந்த அமைதியா? இல்லை, உறங்கிக்கொண்டிருந்த அமைதியா?

நம் வீட்டுப் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் படுத்துக்கொண்டு கதை சொல்வார்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்" என்பார்கள். சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். பேரப்பிள்ளை "ம்" என்று சொல்ல வேண்டும். "அந்த ராஜாவுக்கு ஏழு பொண்ணாம்." மறுபடியும் "ம்" வர வேண்டும். "ம்" வரவில்லை என்றால் கதை அந்த இடத்தில் நின்றுவிடும். "என்னடா, தூங்கிட்டியா?" என்று ஒரு கேள்வி வரும். பிள்ளை பதறிப்போய், "இல்ல பாட்டி, சொல்லு சொல்லு" என்று எழுந்து உட்காரும்.

அந்தப் பாட்டி கையில் பிரம்பு இருந்ததா? மதிப்பெண் பட்டியல் இருந்ததா? தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பும் அதிகாரம் இருந்ததா? ஒன்றும் இல்லை. அவள் கையில் இருந்தது ஒரே ஒரு விதி: நீ "ம்" கொட்டினால் கதை நடக்கும், கொட்டாவிட்டால் கதை நிற்கும். அந்த ஒரு எழுத்து மூன்று வேலை செய்தது. பிள்ளை விழித்திருக்கிறதா என்று பார்த்தது. பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்த்தது. இந்தக் கதையில் உனக்கும் ஒரு பங்கு உண்டு என்று பிள்ளைக்குச் சொன்னது. வில்லுப்பாட்டு மேடையில் பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் "ஆமாம்" போடுகிறாரே, அதுவும் இதே முறைதான்.

இன்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான். வகுப்பின் ஒழுங்கு கதைக்கு வெளியே நின்று காவல் காக்கும் பொருள் அன்று. அது அந்த "ம்"முக்குள்ளேயே இருக்கிறது. "ம்" கொட்டும் வகுப்பு தன்னைத்தானே ஆண்டுகொள்ளும்.

கதையில் பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு என்றேன். அந்தப் பங்கு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பழனி மலைத் தொடருக்கே ஒரு கதை உண்டு. அதுவும் கோபித்துக்கொண்ட ஒரு பிள்ளையின் கதை. ஞானப்பழத்துக்குப் போட்டி. உலகைச் சுற்றி வந்த பிள்ளைக்குப் பழம் கிடைக்கவில்லை. பெற்றோரைச் சுற்றிய பிள்ளைக்குக் கிடைத்தது. மயிலேறிச் சுற்றி வந்த இளைய பிள்ளை முருகன் கோபித்துக்கொண்டு மலைக்கு வந்து நின்றுவிட்டான். பெரியவர்கள் என்ன செய்தார்கள்? "மூலையில் போய் நில்" என்றார்களா? அவன் இருந்த இடத்துக்கு அவர்களே தேடிப் போனார்கள். "பழம் நீ" என்றார்கள். அதுவே பழனி என்று ஊரின் பெயராயிற்று என்பது தல வரலாறு.

இந்தக் கதையில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. சமாதானம் சொன்ன பிறகும் பிள்ளை இறங்கிப் போகவில்லை. மலையிலேயே இருந்துவிட்டான். அவனுக்கென்று ஓர் இடம் கிடைத்தது, கோபம் தணிந்தது. வகுப்பில் முரண்டு பிடிக்கும் பிள்ளை கேட்பதும் இதைத்தான். "எனக்கு இந்த வகுப்பில் என்ன இடம்?" என்று கேட்கிறான். வாயால் கேட்கத் தெரியாததால் காலால் பெஞ்சை உதைத்துக் கேட்கிறான்.

பிள்ளைகள் ஏன் சத்தம் போடுகிறார்கள்? இத்தனை ஆண்டு வகுப்பறை அனுபவத்தில் நான் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, புரியவில்லை. இரண்டு, பங்கு இல்லை. புரியாத மொழியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்கே தண்டனை. பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? நம் மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமே அயல்மொழி. பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடநூலில் அச்சாகியிருக்கும் தமிழே வீட்டுப் பேச்சிலிருந்து வெகுதூரம். அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால் அதை ஒழுக்கக்கேடு என்று எழுதிவிடலாமா?

அதே பிள்ளைகளின் வீட்டாரை ஏரிக்கரையில் பாருங்கள். சோளக்கதிர் சுடுபவரும் குதிரை ஓட்டுபவரும் வருகிறவர்களிடம் மலையாளத்தில் விலை பேசுகிறார்கள், கன்னடத்தில் வழி சொல்கிறார்கள், இந்தியில் பேரம் முடிக்கிறார்கள். எந்த இலக்கண நூலைப் படித்தார்கள்? எந்தத் தேர்வு எழுதினார்கள்? புரிந்தது, பேச வேண்டிய தேவை இருந்தது, அதனால் மொழி வந்தது. ஏரிக்கரையில் மொழி கற்றவர்களின் பிள்ளை வகுப்பறையில் மட்டும் ஏன் மக்காக வேண்டும்?

கதை சொல்லி மொழி கற்பிப்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நண்பர்களே, இந்த ஊருக்குள் நுழைவதற்கு முன் செண்பகனூரைக் கடந்து வந்தீர்களே, நினைவிருக்கிறதா? 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி அங்கே இருக்கிறது. மதுரை மறைமாநில இயேசு சபையாரின் பழைய ஆவணங்களைச் சேர்த்து வைத்த காப்பகமும் அங்கேதான். அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழ் மண்ணுக்கு வந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர்.

அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நாம் சிரிப்புக் கதையாகப் படித்திருக்கிறோம். ஆனால் அது எதற்காக எழுதப்பட்டது? ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த குருமார்கள் தமிழ் கற்றுக்கொள்வதற்காக எழுதப்பட்டது. தமிழோடு லத்தீன் மொழிபெயர்ப்பையும் அவரே சேர்த்து வைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே, நம் மண்ணில், அயல்மொழியாகத் தமிழைக் கற்பிக்கக் கதையைக் கையில் எடுத்த ஆசிரியர் அவர்!

அந்தக் கதையின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான் ஒரு சீடன். "சுர்" என்று புகைகிறது. ஐயையோ, ஆறு விழித்திருக்கிறது! பிறகு அணைந்துபோன அதே கட்டையைத் திரும்ப வைக்கிறார்கள். சத்தம் இல்லை. ஆறு தூங்குகிறது! கடந்துவிடுகிறார்கள். கரையேறி எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஐந்து பேர்தான்! மீண்டும் எண்ணுகிறார்கள். மீண்டும் ஐந்து! வழிப்போக்கன் ஒருவன் வந்து எண்ணிக் காட்டும்வரை அழுகை.

தமிழே தெரியாத ஓர் ஐரோப்பியர் இதைப் படித்தால் என்ன ஆகும்? "தூங்குகிறது", "விழித்திருக்கிறது" என்ற சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மறக்கவே மறக்காது. மனப்பாடம் செய் என்று யாரும் மிரட்டவில்லை. ஆறாவது ஆள் எங்கே போனான் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அந்த வேலையைச் செய்தது. பின்னால், 1822-இல், பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் இந்தக் கதையைத் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பொருள் விளக்கம் எல்லாம் சேர்த்துத் தமிழ் கற்பவர்களுக்காகவே லண்டனில் அச்சிட்டார். பின்னாளில் மருத்துவராகித் தொண்டைக்குள்ளே பார்க்கும் கருவியை உருவாக்கியவரும் அவரே. தொண்டையைத் திறக்கக் கருவி தேவைப்பட்டது. நாவைத் திறக்க ஒரு கதையே போதுமாயிருந்தது.

இன்னும் பின்னால் போவோம். அமரசக்தி என்ற அரசனுக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் படிப்பு ஏறவில்லை. இலக்கணம் கற்கவே பன்னிரண்டு ஆண்டு ஆகும் என்றார்கள் அவையில் இருந்தவர்கள். விஷ்ணுசர்மா என்ற முதியவர் மட்டும் ஆறு மாதம் கேட்டார். ஆறு மாதமும் கதை சொன்னார். அதுதான் பஞ்சதந்திரம். படிப்பு ஏறாத மாணவர்களுக்காகவே பிறந்த நூல் அது! அதைத் தாண்டவராய முதலியார் 1826-இல் தமிழ் உரைநடையில் தந்தார். அவர் எங்கே பணி செய்தார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்பித்த சென்னைக் கல்விச் சங்கத்தில். ஆக, அயல்மொழியைக் கதையால் கற்பிக்கும் வித்தை நமக்குப் புதிதா? நம் வீட்டுப் பொருளையே நாம் மறந்துவிட்டோம்.

மறப்பது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தன் பெயரையே மறந்த ஈயின் கதைதான். கன்றிடம் கேட்கும், பசுவிடம் கேட்கும், மேய்ப்பவனிடம் கேட்கும், அவன் கைக்கோலிடம் கேட்கும். ஒவ்வொரு முறையும் முன்னால் கேட்டவர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லித்தான் அடுத்தவரைக் கேட்கும். கடைசியில் குதிரை கனைக்கும்போது ஈக்குத் தன் பெயர் தெரியும். அந்த வரிசையை ஒரு பிள்ளை எத்தனை முறை சொல்கிறது? பத்து முறை, பன்னிரண்டு முறை! சலிக்கிறதா? "இன்னொரு தடவை" என்று கேட்கிறது.

இப்போது பள்ளிக்கூடத்து இம்போசிஷனை நினைத்துப் பாருங்கள். "நூறு முறை எழுதிக் கொண்டுவா." அங்கேயும் திரும்பச் சொல்வதுதான் நடக்கிறது. இங்கேயும் திரும்பச் சொல்வதுதான் நடக்கிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? ஈயின் கதையில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சொல் வந்து சேர்கிறது. அடுத்தது யார் என்ற ஆவல் இருக்கிறது. இம்போசிஷனில் நூறாவது வரியும் முதல் வரியும் ஒன்றுதான். ஒன்று மொழியை ஊட்டுகிறது. மற்றொன்று மொழியின் மேல் வெறுப்பை ஊட்டுகிறது.

இதையே அமெரிக்காவில் சிலர் தம் அனுபவத்திலிருந்து கண்டு முறைப்படுத்தினார்கள். 1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியல் பேராசிரியர், கேட்ட சொல்லை உடம்பால் செய்து பார்த்தால் அந்தச் சொல் மனத்தில் நிற்கிறது என்று காட்டினார். "எழுந்து நில்" என்றால் பிள்ளை எழுந்து நிற்கும். "கதவைத் தொடு" என்றால் போய்த் தொடும். 1990-ஐ ஒட்டி, கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே அதோடு கதையைச் சேர்த்தார். பிள்ளைகளை நடிக்கவைத்தார். ஒரே வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்டார். ஸ்டீபன் கிராஷென் என்ற மொழியறிஞர் இதற்கு அடிப்படைக் காரணம் சொன்னார். புரியும்படியான மொழி நிறையக் காதில் விழ வேண்டும். அச்சமும் கூச்சமும் திரையாக நின்றால் அந்த மொழி உள்ளே போகாது என்றார்.

திரை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கை அச்சத்தால் கொண்டுவந்தால் திரை விழுந்துவிடும். வகுப்பு அமைதியாகிவிடும், மொழி வெளியே நின்றுவிடும். மொழி ஆசிரியருக்கு இது பெரிய இழப்பு இல்லையா?

சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்பீர்கள். பிரெஞ்சு மொழியை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி இருப்பதால் அது நமக்குப் பக்கத்து வீட்டு மொழி. இந்த ஊரில் 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக வளர்ந்த நிறுவனம் இருக்கிறது; பல நாட்டு மொழிகள் ஒலித்த மலை இது. ஆகவே இங்கே பிரெஞ்சு பேசினால் மலை கோபித்துக்கொள்ளாது.

பிரெஞ்சில் "இருக்கிறது" என்பதற்கு "இல் யா" என்பார்கள். நம் காதில் "இல்லையா" என்று விழும்! "போகிறது" என்பதற்கு "வா" என்பார்கள். நாம் வா என்றால் அவர்கள் போகிறார்கள்! "விரும்புகிறது" என்பதற்கு "வெ". குதிரைக்கு "ஷெவால்". கேரட்டுக்குக் "கரோத்". "ஆம்" என்பதற்கு "வீ". மொத்தம் ஆறே சொற்கள். இதற்கு மேல் ஒரு நாளைக்கு வேண்டாம்.

கதை இதுதான். ஏரிக்கரையில் ஒரு குதிரை இருக்கிறது. அதற்குக் கேரட் வேண்டும். பூம்பாறைக்குப் போகிறது. அங்கே எல்லாம் மலைப்பூண்டு! கேரட் இல்லை. மன்னவனூருக்குப் போகிறது. அங்கே கேரட் இருந்தது. ஆட்டுப் பண்ணை ஆடு தின்றுவிட்டது! வில்பட்டிக்குப் போகிறது. அங்கே என்ன ஆயிற்று? அதைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

குதிரைக்குக் கேரட் வேண்டும் என்ற வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "குதிரைக்குக் கேரட் வேண்டுமா?" எல்லோரும் சேர்ந்து "வீ!" "குதிரைக்குப் பூண்டு வேண்டுமா?" "இல்லை!" "பூண்டா, கேரட்டா?" "கரோத்!" "யாருக்குக் கேரட் வேண்டும்? ஆட்டுக்கா?" "ஷெவால்!" ஒரு வாக்கியத்துக்கு நான்கு கேள்வி. நான்குக்கும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில். இந்தப் பதில்கள் என்ன? பாட்டி கேட்ட அதே "ம்"தான்! பிரெஞ்சு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

"வா என்றால் போகிறதாம்" என்று வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். சிரிப்பு தானாக இறங்கும்வரை புன்னகையோடு நில்லுங்கள். பிறகு "குதிரை வா... பூம்பாறை" என்று சொல்லி வாசலைக் கை காட்டுங்கள். அந்தச் சிரிப்போடு சேர்ந்து பதிந்த சொல் தேர்வு முடிந்த பிறகும் மறக்காது.

ஆனால் சிரிப்பு எல்லை தாண்டினால்? இங்கேதான் நம் தலைப்பின் கனமான பகுதி வருகிறது. ஆறு பழக்கங்களைச் சொல்கிறேன். ஆறும் நான் செய்து பார்த்தவை.

முதல் பழக்கம், நிறுத்துதல். ஒருவன் பேசினால் அவன் குரலுக்கு மேலே உங்கள் குரலை உயர்த்தாதீர்கள். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துங்கள். "குதிரை மன்னவனூருக்கு..." நிறுத்துங்கள். அவன் பக்கம் பாருங்கள். கோபமாகப் பார்க்க வேண்டாம், "ம்" கேட்கும் கண்ணோடு பாருங்கள். வேண்டுமானால் நாலடி நடந்து அவன் அருகில் போய் நின்று அங்கிருந்தே கதையைத் தொடருங்கள். ஒரே ஒரு முறை செய்துவிட்டு, "பயனில்லை" என்று விட்டுவிடக் கூடாது. முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு முறையும் தவறாமல் நிறுத்த வேண்டும். நிறுத்துவது உறுதி என்று தெரிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவனே "டேய், சும்மா இருடா, கதை நிக்குது" என்பான்.

இரண்டாம் பழக்கம், மெதுவாகச் சொல்லுதல். நாம் ஓடினால் வகுப்பு பின்தங்கும். பின்தங்கிய பிள்ளை வேறு வேலை தேடிக்கொள்ளும். புரியாவிட்டால் கையைத் தூக்கு என்று ஒரு சைகையைப் பழக்குங்கள். கை தூக்கிய பிள்ளைக்கு நன்றி சொல்லுங்கள். பொருள் தெரியாத சொல்லுக்கு ஒரே சொல்லில் தமிழில் பொருள் சொல்லிவிட்டு மேலே போங்கள். "தமிழ் பேசினால் அபராதம்" என்று தொங்கும் பலகையைக் கழற்றி வைத்துவிடுங்கள். தாய்மொழியை அவமதித்து எந்த அயல்மொழியும் பிள்ளையின் நெஞ்சில் குடியேறியதில்லை.

மூன்றாம் பழக்கம், பங்கு கொடுத்தல். நாற்பது பிள்ளைகளும் குதிரையாக முடியாது. ஒருவர் கரும்பலகையில் கதையைப் படமாக வரையட்டும். ஒருவர் "வெ" என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணட்டும். ஒருவர் குளம்புச் சத்தம் கொடுக்கட்டும். ஒருவர் நேரம் பார்க்கட்டும். ஆனால் ஒன்று: குறும்பு செய்ததற்குப் பரிசாகப் பங்கு கொடுக்காதீர்கள். வேலை முன்கூட்டியே முறைவைத்து வரட்டும். நடிக்க வந்த பிள்ளை கதையில் உள்ளதை மட்டும்தான் செய்ய வேண்டும். கூடுதலாக ஆட்டம் போட்டால், நன்றி சொல்லி உட்காரவைத்துவிட்டு அடுத்தவரை அழையுங்கள். திட்டு இல்லை, நாடகம் இல்லை.

நான்காம் பழக்கம், எல்லை காத்தல். கதையில் பிள்ளைகள் தங்கள் கற்பனையையும் சேர்ப்பார்கள். அது வேண்டும். ஆனால் அந்த வாசல் வழியாகவே நஞ்சும் நுழையப் பார்க்கும். ஒருவனுடைய நிறம், உடம்பு, அப்பாவின் தொழில், சாதி, குடியிருப்பின் பெயர், இவை சிரிப்புக்காகக் கதைக்குள் வரத் துடிக்கும். அப்போது ஆசிரியர் தயங்கவே கூடாது. "இந்தக் கதையில் யாரும் யாரையும் புண்படுத்த மாட்டார்கள்" என்று தெளிவாக, தாழ்ந்த குரலில் சொல்லி, அந்தச் சொல்லை அங்கேயே வெட்டிவிட வேண்டும். வகுப்பு முடிந்தபின் சொன்னவனைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். மற்ற ஐந்தில் தவறினால் ஒரு நாள் பாடம் போகும். இதில் தவறினால் ஒரு பிள்ளை போய்விடும். மலைக்குடியிருப்பிலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை ஒரு கேலிச் சிரிப்புக்கு மறுநாள் வராமலே இருந்துவிடும்.

ஐந்தாம் பழக்கம், மௌனத்தை மதித்தல். பதில் சொல்லாத பிள்ளையெல்லாம் அடங்காத பிள்ளை இல்லை. ஒன்றரை வயதுவரை நம் வீட்டுக் குழந்தை எவ்வளவு பேசியது? ஆனால் எவ்வளவு கேட்டது! "எழுந்து நின்று தனியாகச் சொல்" என்று வற்புறுத்தாதீர்கள். கூட்டத்தோடு சேர்ந்து உதடு அசைந்தால் போதும். படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். அதுவும் "ம்"தான்.

ஆறாம் பழக்கம், கதையை மடித்து வைத்தல். காற்றும் மழையுமாக இருக்கும் நாள், விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள், வகுப்பு எதற்கும் கட்டுப்படாது. அன்று வீம்புக்குக் கதையை இழுக்காதீர்கள். புத்தகத்தைத் திறந்து அதே கதையை அமைதியாக வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது நான்கு கட்டம் போட்டுப் படம் வரைந்து கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இதைத் தண்டனையாக அறிவிக்காதீர்கள். எழுத்தைத் தண்டனை ஆக்கினால் பிள்ளை எழுத்தை வெறுக்கும். "கதை ஓய்வெடுக்கிறது, நாளை தொடரும்" என்று சொல்லுங்கள்.

என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், மலையில் உள்ள ஒரு பள்ளி. கடைசி வரிசையில் ஒரு மாணவன். நான் கதை சொல்லும்போதெல்லாம் கனைப்பான். மூன்று நாள் வெளியே நிறுத்தினேன். நான்காம் நாள் குதிரைக் கதை. குதிரையாக வந்த பிள்ளை கேரட்டைக் கையால் வாங்கி வாயில் வைத்தான். கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது: "சார், குதிரை அப்பிடி வாங்காது. உள்ளங்கைய விரிச்சு வச்சு நீட்டணும். அது உதட்டால எடுக்கும். விரல மடிச்சா கடிச்சிரும்." வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் அப்பா ஏரிக்கரையில் குதிரை ஓட்டுபவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவன் கனைத்தது கேலிக்காக இல்லை; அவனுக்குத் தெரிந்த ஒரே மொழியில் "ம்" கொட்டியிருக்கிறான். நான்தான் அதைக் கேட்கவில்லை.

அன்றோடு அவன் சாதுவாகிவிட்டான் என்று சொன்னால் அது பொய். மறுவாரமே ஒருவனோடு சண்டை போட்டான். கண்டித்தேன், கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் அவனை வெளியே நிறுத்தவில்லை. வெளியே நிற்கும் பிள்ளை கதையை இழக்கிறான். கதையை இழந்தவனுக்கு மறுநாள் ஒன்றும் புரியாது. புரியாதவன் மறுபடியும் சத்தம் போடுவான். அந்தச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டவன் நான் என்பது எனக்குப் புரிந்தது.

பிரம்பைப் பற்றியும் ஒரு சொல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்துவிட்டது. "பிரம்பைப் பிடுங்கிவிட்டார்கள், வெறுங்கையோடு என்ன செய்வது?" என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உங்கள் கை வெறுங்கை இல்லை. வீரமாமுனிவர் வைத்திருந்தது உங்களிடம் இருக்கிறது. விஷ்ணுசர்மா வைத்திருந்தது உங்களிடம் இருக்கிறது. உங்கள் பாட்டி வைத்திருந்தது உங்களிடம் இருக்கிறது.

கற்பித்தவர்களைச் சொன்னேன்; கற்ற ஒருவரையும் சொல்கிறேன். இந்தக் கொடைக்கானலில்தான் 1891-இல் கால்டுவெல் கண்மூடினார். அயர்லாந்தில் பிறந்து, நம் மொழியைக் கற்று, நம் மொழிக் குடும்பத்தின் உறவை உலகுக்குக் காட்டியவர். ஓர் அயல்மொழியை நெஞ்சார ஏற்றுக்கொண்டால் ஒரு மனிதர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு அவர் சாட்சி. நம் மலைப்பிள்ளைகளும் அந்த உயரத்துக்கு உரியவர்கள்தான். குரல் உயர்த்தி அவர்களை அங்கே ஏற்ற முடியாது. காது கொடுத்துத்தான் ஏற்ற முடியும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை வகுப்புக்குப் போங்கள். வருகைப்பதிவு எடுத்து முடித்ததும் புத்தகத்தை மூடி வையுங்கள். நீங்கள் கற்பிக்கும் மொழியில், பிள்ளைகளுக்குப் புரியும் ஒரே ஒரு வாக்கியத்தில் ஒரு கதையைத் தொடங்குங்கள். அந்த வாக்கியம் முடிந்ததும் நிறுத்துங்கள். மலை வளைவில் ஓட்டுநர் காது கொடுப்பதுபோல் ஒரு கணம் காத்திருங்கள். கடைசி வரிசையிலிருந்து "ம்" வரட்டும். வந்த பிறகு அடுத்த வாக்கியத்தைச் சொல்லுங்கள்.